சகதி மாஸ்டரின் பிளேன்டீ பரீட்சை

நோர்வூட்டிலிருந்து மஸ்கெலியா வரைக்கும் உள்ள தோட்டத்து ரோடுகளில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழாத மனிதர் கிடையாது. தொரைமார் விழுந்திருக்கிறார்கள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாமார் விழுந்திருக்கிறார்கள். பூசை வைக்க வந்த பாதர் ஒருவர் அங்கியோடு தண்ணீர்க் கானுக்குள் விழுந்து, ஏறி வந்து, சொட்டச் சொட்டப் பூசை வைத்திருக்கிறார். ஆனால் ஒழுங்காக விழத் தெரிந்த மனிதர் இந்த மலைநாட்டிலேயே ஒருவர்தான் இருந்தார். அவர்தான் எங்கள் சகதி மாஸ்டர்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அவர் மனைவி கூட, "நம்ம மாஸ்டர் எங்க, கண்டீங்களா?" என்றுதான் கேட்பார். கழுத்து வரைக்கும் சேறு, அதற்கு மேலே பளிச்சென்று திருநீறு. மூன்று மைல் தூரத்திலிருந்து பார்த்தாலும் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

அவரைப் பற்றி எழுத உட்காரும்போதே எனக்கு இரண்டு கவலை. படித்தால் கோபித்துக்கொள்வாரோ என்று ஒன்று. படிக்காமலே விட்டுவிடுவாரோ என்று இன்னொன்று. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன், நோர்வூட்டில் ஒரு கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கிறவன். வாக்கியம் எங்கேயாவது சரிந்து கிடந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சரியாமல் ஓட்டப் பழக்கியவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

முன்பு அவர் தோட்டத்து ஆபீசின் தப்பால்காரர். தோல் பையில் கடிதங்களைத் திணித்துக்கொண்டு ஆறு டிவிசனுக்கும் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. ஒரு ஐப்பசி மழையில் பையும் அவருமாகக் கானுக்குள் போய்விட்டார்கள். மறுநாள் காலை வேலைக்கு வந்தவர்கள் பார்த்தால், ரோட்டோரத்துத் தேயிலைச் செடி ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கடிதம் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது. நடு ரோட்டில் மாஸ்டர் நின்று கத்துகிறார்.

"அவங்கவங்க லெட்டர அவங்கவங்க பறிச்சுக்கங்க! அடுத்த வீட்டு லெட்டரப் பறிச்சா கை அழுகிப்போகும்!"

அன்றைக்குக் கூடையில் கொழுந்து குறைந்தது. ஊரில் இரகசியமும் குறைந்தது. இரண்டு கலியாணம் நின்றது, மூன்று கலியாணம் கூடியது என்பார்கள். நான் எண்ணிப் பார்க்கவில்லை.

நெருங்கிப் பழகிய மனிதர்களை "நீ, வா, போ" என்று பேசுவார். மோட்டார் சைக்கிளை மட்டும் ஒரு நாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. "இவங்களுக்கு இன்னைக்கி மனசு சரியில்ல, வற்புறுத்தாதீங்க" என்பார். ஸ்டார்ட் ஆகாவிட்டால் உதைக்க மாட்டார். பக்கத்தில் குந்தி, "என்னங்க செய்யுது?" என்று கேட்பார். ஆச்சரியம் என்னவென்றால், பாதி நேரம் அது பதில் சொல்லிவிடும்.

ஆளாளுக்குப் போன் வந்து கடிதம் நின்றுபோனது. தப்பால் வேலையும் நின்றது. அப்போதுதான் அவர், கைவிட்டுக் காடாகிக் கிடந்த தேயிலை மலையையும் அதற்குக் கீழே இருந்த பழைய கிரவுண்டையும் பள்ளிக்கூடமாக்கினார். சனி, ஞாயிறு இரண்டு நாள் வகுப்பு. தகரத்தில் தார் பூசி எழுதியிருந்தார்: "குடும்பமாக வரவும். தனியாக வருபவர் அப்படியே திரும்பவும்." கட்டணம், ஒரு தேங்காயும் ஒரு கிலோ மாவும். அதில் அவர் மனைவி ரொட்டி சுட்டு, கட்டச் சம்பலோடு எல்லாருக்கும் கொடுப்பார். அவரை நாங்கள் அக்கா என்போம்.

குடும்பம் எதற்கு என்று கேட்டால் மாஸ்டர் ஒரு விரலைத் தூக்குவார்.

"இந்த மலையில ஓட்டுறவன் வண்டிய விழுத்துறதில்ல. பின்னால குந்தியிருக்கிறவன்தான் விழுத்துறான். இவன் இடது பக்கம் சாஞ்சா அவன் பயத்துல வலது பக்கம் சாயிறான். வண்டி யாரு பேச்சத்தான் கேக்கும்?"

சாட்சிக்கு அக்கா இருந்தார். மாஸ்டர் பாறையில் ஏறி, கானைத் தாண்டி, கொண்டைஊசி வளைவில் திரும்பி வரும்போது, அக்கா பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து மடியில் நெத்தலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருப்பார். இறங்கும்போது கருவாடு தயாராக இருக்கும்.

இப்படிப்பட்ட மாஸ்டர், வேறு ஒருவர் ஓட்டும் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்தது கிடையாது. ஒரு தடவை பல் பிடுங்க ஹட்டனுக்குப் பஸ்ஸில் போனார். இரண்டாம் வளைவில் கடைசி சீட்டிலிருந்து எழுந்து, "கியரக் கொறைங்க, அவங்களுக்கு மூச்சு வாங்குது!" என்று கத்தினார். நான்காம் வளைவில் கண்டக்டர் அவரை இறக்கிவிட்டார். பல்லோடு நடந்தே வீடு வந்து சேர்ந்தார்.

நாங்கள் அவரிடம் போனது என் மனைவி ஜெசிந்தாவால். மேல் டிவிசன் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அவளுக்கு வேலை கிடைத்தது. அவள் இரண்டு வருஷம் படித்து, எழுதி, காத்திருந்த வேலை. எங்கள் வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர் மேலே. பஸ் கிடையாது. திரீவீல்காரர்கள் அந்த ரோட்டின் பெயரைக் கேட்டாலே என்ஜினை அணைத்துவிடுவார்கள். ஆபீசில் ஒரு பழைய சிவப்பு மோட்டார் சைக்கிளைக் கொடுத்து, திங்கட்கிழமை வந்து வேலையை ஏற்றுக்கொள்ளச் சொன்னார்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆளாம். லைசன்ஸ் இருந்தது. அது டவுன் கிரவுண்டில் எட்டுப் போட்டு எடுத்த லைசன்ஸ்.

நான் வேண்டாம் என்றேன். மழை, பனி, கல், கான், நாய், பன்றி, பிரேக் என்று காரணத்தை வரிசையாக அடுக்கினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"சரிங்க. சகதி மாஸ்டர் பாஸ் போட்டா போறேன். பெயில் போட்டா இதப் பத்திப் பேசவே மாட்டேன். சம்மதமா?"

உடனே சம்மதித்தேன். அவர் லேசில் பாஸ் போடமாட்டார் என்று கடையில் கேள்விப்பட்டிருந்தேன்.

சனிக்கிழமை காலையில் தேங்காய், மாவு, எட்டு வயது மகள் டிலானி, அந்தச் சிவப்பு வண்டி எல்லாவற்றோடும் போய் நின்றோம். தலவாக்கலையிலிருந்து ஒரு டீச்சரும் அவர் கணவரும் வந்திருந்தார்கள். மாஸ்டர் எல்லாருக்கும் உரப்பையில் பஞ்சு அடைத்துத் தைத்த முழங்கால் மூடியைக் கட்டிவிட்டார். காலில் சவர்க்காரம் பூசச் சொன்னார். அட்டை கடிக்காதாம். என்னை மட்டும் ஐந்து அட்டை கடித்தது.

முதல் பாடம் விழுவது. ஓடாத வண்டியில் ஏறி நின்ற இடத்திலேயே புல்லில் சரிய வேண்டும்.

"மொதல்ல புள்ளைக. பெறகு பொம்பளைங்க. ஆம்பளைங்க கடைசி."

"ஏன் மாஸ்டர்?" என்று கேட்டார் டீச்சர் கணவர்.

"அவங்க ரெண்டு கூட்டமும் விழுறாங்க. நீங்க ஒடையிறீங்க."

டிலானி பூனை மாதிரி விழுந்து, "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்றாள். ஜெசி கைப்பிடியை விட்டு உருண்டு எழுந்தாள். டீச்சர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மூன்று தடவை விழுந்தார். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்து, எந்தப் பக்கம் விழலாம் என்று யோசித்தேன். இடது பக்கம் ஒரு கல். வலது பக்கம் ஒரு குழி. மாஸ்டர் மெல்ல வந்து, "தம்பி, இன்னிக்குள்ள விழுந்துருவீங்களா?" என்று கேட்டார்.

மத்தியானத்துக்கு மேல் ஓட்டப் பாடம். நின்றுகொண்டு ஓட்டுவது, கிளச்சைப் பாதியில் பிடித்து ஏறுவது, இறக்கத்தில் முன் பிரேக்கைத் தொடாமல் என்ஜினாலேயே இறங்குவது. ஜெசியின் பின் சீட்டில், கொழுந்து மூட்டை கட்டும் சாக்கில் மண்ணை நிரப்பி என் எடைக்குக் கட்டிவிட்டார். கானின் மேல் போட்டிருந்த ஒற்றைப் பலகையை அவள் சாக்கோடு கடந்துவிட்டாள். பாறையில் ஏறிவிட்டாள். கொண்டைஊசியில் திரும்பிவிட்டாள். முகமெல்லாம் சேறு, அதற்குள் பல் மட்டும் வெள்ளையாகச் சிரித்தது. கலியாணம் முடித்து ஒன்பது வருஷத்தில் நான் பார்க்காத சிரிப்பு.

மாஸ்டர் சாக்கைத் தட்டிக் கொடுத்தார். "இது நல்ல சாக்கு. இதுக்குப் பயமில்ல." பிறகு என்னைப் பார்த்தார்.

மறுநாள் பூசை முடிந்து நேரே அங்கே போனோம். ஞாயிற்றுக்கிழமைதான் பரீட்சை. பரீட்சை இதுதான்: அக்கா ஒரு எனாமல் கோப்பையில் பாலில்லாத பிளேன்டீ ஊற்றுவார், விளிம்புக்கு ஒரு விரல் கீழே. பின்னால் இருப்பவர் அதைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். கிரவுண்டைச் சுற்றி, பலகை, பாறை, கொண்டைஊசி, திரும்ப அடுப்படி. வந்ததும் மாஸ்டர் கோப்பைக்குள் ஆள்காட்டி விரலை விடுவார். விரலின் முதல் கோடு வரை நனைந்தால் பாஸ்.

டீச்சர் ஓட்ட, அவர் கணவர் பிடித்து வந்தார். மாஸ்டரின் விரல் நனையவே இல்லை. "நீங்க வர்ற வழியிலேயே குடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார் மாஸ்டர். அடுத்த வாரமும் வரச் சொன்னார்.

எங்கள் முறையில் முதலில் டிலானி பின்னால் ஏறினாள். பாட்டுப் பாடிக்கொண்டே போய் வந்தாள். ஒரு சொட்டுக் குறையவில்லை. ஜெசி வண்டியை நிறுத்தி, "பாஸ்தானே மாஸ்டர்?" என்றாள்.

"இல்ல தங்கச்சி. இந்தப் புள்ள பயப்படாது. வீட்டுல ஆகப் பயந்த ஆள் யாரோ, அந்த ஆளோட ஓட்டிக் காட்டணும். அதான் சட்டம்."

ஒருவரும் யோசிக்கவில்லை. டிலானியின் விரல் கூட என் பக்கம்தான் நீண்டது.

முதல் தடவை கிரவுண்டிலேயே கொட்டிவிட்டேன். ஒரு கையில் கோப்பை, மறு கையில் செபமாலை. "வேற எதையும் புடிக்காதீங்க, அந்த மாதாவாவது நிம்மதியா இருக்கட்டும்" என்று மாஸ்டர் செபமாலையை வாங்கி டிலானியின் கழுத்தில் போட்டார். இரண்டாம் தடவை பலகையில் நான் ஒரு பக்கம் நெளிந்ததில் ஜெசி தடுமாறி, காலை ஊன்றி வண்டியைப் பிடித்தாள். மூன்றாம் தடவை பாறையில். ஒரு கோப்பை பிளேன்டீ முழுவதும் அவள் முதுகில்.

அவள் வண்டியை அணைத்தாள். திரும்பாமலே கேட்டாள்:

"நெசமாச் சொல்லுங்க. வேணும்னே கொட்டுறீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக எனக்கே தெரியவில்லை. கொட்டினால் அவள் வீட்டிலேயே இருப்பாள். அது என் கைக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ.

"ஒங்க அம்மா ஆத்தப் பாத்துப் பயந்தாங்க" என்றாள். ஒன்பதாம் வகுப்புக்கு ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும். இரண்டு மரத்தைப் போட்ட பாலம். போகவேண்டாம் என்று அம்மா என்னை நிறுத்திவிட்டார். அதை ஜெசிக்கு ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தேன். "அவங்க பயந்ததுக்கு நீங்க கடையில ஆணி நிறுக்கிறீங்க. நீங்க பயப்படுறதுக்கு நான் எத நிறுக்கணும்?"

பாறைக்கு மேலே நின்ற மாஸ்டர் இறங்கி வந்தார். கணுக்காலில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே பக்கத்தில் குந்தினார். மோட்டார் சைக்கிளிடம் கேட்கும் அதே குரலில் என்னிடம் கேட்டார்.

"என்னங்க செய்யுது?"

சொன்னேன். பாறை வழுக்கினால், பலகை முறிந்தால், பிரேக் பிடிக்காவிட்டால், மேல் டிவிசனில் பனி மூடினால், பன்றி குறுக்கே வந்தால், போன் எடுபடாமல் போனால், நான் கடையில் நிற்கும்போது யாராவது ஓடி வந்தால். நான் முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரியான பயந்தான். ஒண்ணு கூடப் பொய்யில்ல" என்றார். "ஆனா அத ஏன் இடுப்பால சொல்றீங்க? வண்டிக்குக் கேக்குது, தங்கச்சிக்குக் கேக்கல. வாயத் தொறந்து சொல்லுங்க."

நான்காம் கோப்பை. அக்கா ஊற்றிக் கொடுக்கும்போது, "நானும் பின்னால குந்தித் திட்டிக்கிட்டேதான் தம்பி வர்றது. என்ஜின் சத்தத்துல ஒங்களுக்குக் கேக்கல" என்று மெதுவாகச் சொன்னார்.

வண்டி கிளம்பியது. நான் வாயைத் திறந்தேன்.

"ஜெசி, அந்தக் கல்லு!"

"பாத்துட்டேன்."

"கான்!"

"தெரியுது."

"பலகை ஒடஞ்சா?"

"நனைவோம்."

"பிரேக்கு புடிக்காட்டி?"

"இன்னும் சத்தமாக் கத்துங்க."

பாறையில் ஏறும்போது கத்தினேன். வளைவில் கத்தினேன். எதிர்ப்பக்கத்து மலையில் விறகு பொறுக்கியவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கடைசி இறக்கத்தில் பட்டியலில் எதுவும் மிச்சமில்லாமல் போய், உள்ளே அடியில் கிடந்த ஒன்று தானாக வெளியே வந்தது.

"நீ இல்லாட்டி நான் என்ன செய்வேன்!"

அவள் கியரைக் குறைத்து, மிக மெதுவாக இறக்கினாள்.

அடுப்படியில் மாஸ்டர் விரலை விட்டார். முதல் கோடு தாண்டி நனைந்தது. விரலைத் துடைத்துக்கொண்டு, கோப்பையை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

"சீனி பத்தாது" என்றார். அவர் பாஸ் போடுவது அப்படித்தான்.

திங்கட்கிழமை ஜெசி வேலைக்குப் போனாள். அது நடந்து நான்கு வருஷமாகிறது. அதற்குள் இரண்டு தடவை விழுந்திருக்கிறாள். இரண்டு தடவையும் ஒழுங்காக.

அதன் பிறகு பல ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சும்மாவே கிரவுண்டுக்குப் போவோம். புதிதாக வந்த குடும்பங்கள் விழுவதைப் பார்த்துக்கொண்டு ரொட்டி சாப்பிடுவோம். பயந்தாங்கொள்ளிக் கணவன் யாராவது வந்தால் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "இந்தா, ஒன்ன விட மோசமா ஒருத்தன் வந்துருக்கான்" என்று அறிமுகப்படுத்துவார். அப்போதே என்னை "நீ" என்று பேசத் தொடங்கிவிட்டார். அவ்வளவு நெருக்கம்.

போன வருஷம் அக்காவுக்கு மூச்சிழுப்பு கூடிவிட்டது. இந்தப் பனி ஆகாது, கீழ்நாட்டுக்குப் போங்கள் என்றார் டாக்டர். மகளும் மருமகனும் நீர்கொழும்பில். ஒரு சனிக்கிழமை வேன் வந்து நின்றது. மாஸ்டர் மோட்டார் சைக்கிளின் காதருகே குனிந்து ஏதோ சொல்லிவிட்டு, வேனின் பின் சீட்டில் ஏறினார். அந்த ஹட்டன் பஸ்ஸை விட்டால், வாழ்க்கையில் முதல் தடவையாக, இன்னொருவர் ஓட்ட, பின்னால்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுப்படிக்கு ஓடி, எனாமல் கோப்பையில் பிளேன்டீயை ஒரு விரல் குறையாக ஊற்றி, ஜன்னல் வழியாக நீட்டினேன்.

"சிந்தாமப் போங்கண்ணே."

வாங்கிக்கொண்டார். வேன் இறங்கியது. மூன்றாம் வளைவில் ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டு கோப்பையைக் கவிழ்த்துக் காட்டியது. குடித்து முடித்தாரா, கொட்டிவிட்டாரா, அவ்வளவு தூரத்துக்குத் தெரியவில்லை. இரண்டு வாரம் அந்த யோசனையிலேயே ஆணியைத் தப்பாக நிறுத்தேன்.

பிறகு நீர்கொழும்பிலிருந்து அவரே எனக்குப் போன் எடுத்தார்.

"கொட்டிருச்சு தம்பி. மொத வளைவுலயே. பூரா வேட்டியில."

"வாயால சொல்லலியாண்ணே?"

"மருமகன் முன்னுக்கு இருந்தாரு. அக்கா வேற பக்கத்துல. என்னத்தச் சொல்றது?"

"அக்கா எப்பிடிண்ணே?"

"இழுப்பு நின்னுருச்சு. நெத்தலி இங்க பச்சையாக் கெடைக்குது, அவளுக்கு ஒரே சந்தோசம். ரோடுதான் தம்பி, நேரா கெடக்கு. கடக்கரை வரைக்கும் ஒரு வளைவு இல்ல. மருமகனோட வண்டிய ஓட்டும்போது தூக்கம் வருது."

இப்போது கிரவுண்டில் இடுப்பளவு மானாப்புல். தகரப் போர்டு சரிந்து, "குடும்பமாக வரவும்" மட்டும் தெரிகிறது. பூசை முடிந்து திரும்பும்போது ஜெசி ஓட்ட, டிலானி நடுவில், நான் கடைசியில். அந்த வழியாகத்தான் வருவோம், சுற்றுத்தான் என்றாலும். நான் வாயால் பயந்துகொண்டு வருவேன்.

"அந்தக் கல்லு."

"பாத்துட்டேன்."

"கான்."

"தெரியுது."

கிரவுண்டு வளைவு வந்ததும் பட்டியலில் புதிதாக ஒன்று சேரும்.

"அந்த மனுசன் அங்க நேர் ரோட்டுல தூங்கி விழாம இருக்கணுமே, ஜெசி."

அவள் கியரைக் குறைத்து, அந்த வளைவை மெதுவாக எடுப்பாள்.